கடைசி ஸ்டேஷன் அறந்தாங்கி



இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்தில் முதலில் ரயில் வந்த டவுன் எது என்று கேட்டால், பெரும்பாலும் புதுக்கோட்டை என்றுதான் பதில் வரும். அரண்மனை இருந்த ஊர், திவான்கள் உட்கார்ந்து ஆண்ட ஊர், நூல் பிடித்தாற்போலத் தெருக்கள் அமைந்த ஊர். அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஊருக்கு ரயில் வந்தது 1929இல்தான். அதற்கு 26 வருடம் முன்னால், 1903ஆம் வருடக் கடைசியில், அறந்தாங்கிக்கு என்ஜின் வந்து நின்றுவிட்டது. மகாராஜாவின் தலைநகருக்கு இல்லாத ரயில், ஏரிப்பாசனக் கிராமங்களுக்கு நடுவே கிடந்த ஒரு சந்தையூருக்கு எப்படி வந்தது? இன்றைய பேச்சு அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு சிறிய ஸ்டேஷனைப் பற்றி ஒரு மாலை முழுக்கப் பேச என்ன இருக்கிறது என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. பெரிய ஸ்டேஷன்களின் வரலாறு வைஸ்ராய், கவர்னர், கம்பெனி டைரக்டர்கள் என்று மேலேயே போய்விடும். அறந்தாங்கி ஸ்டேஷனின் வரலாறு நிலவரி ரசீதில் தொடங்குகிறது.

அன்று அறந்தாங்கி தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்தது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோதுதான் இந்தப் பக்கம் வந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டு ஒரு வேலை செய்தது. நிலத்தின் வருட மதிப்பில் ரூபாய்க்கு மூன்று பை வீதம் ரயிலுக்கென்று தனியாக ஒரு மேல்வரி போட்டது. பன்னிரண்டு பை ஓர் அணா, பதினாறு அணா ஒரு ரூபாய் என்ற கணக்கு இங்கே இருக்கிற பெரியவர்களுக்கு நினைவிருக்கும். மூன்று பை என்றால் காலணா. ரூபாயில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. கேட்கச் சின்னத் தொகைதான். காவேரி பாயும் ஜில்லாவில் எத்தனை பட்டாதாரர்கள் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலணாக்கள் வருடக் கணக்கில் சேர்ந்தன. போதாததற்குச் சர்க்காரிடம் கடனும் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் இன்றைய மயிலாடுதுறையான மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை மீட்டர்கேஜ் பாதை போட்டு, 1894இல் வண்டி விட்டார்கள். பாதை போர்டுக்குச் சொந்தம். வண்டி ஓட்டியது தென்னிந்திய ரயில்வே கம்பெனி.

இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு சொந்தமாகப் போட்ட ரயில்பாதைகளில் இதுதான் முன்னோடி. கோயம்புத்தூர் ஜில்லா போர்டின் போத்தனூர்–பொள்ளாச்சிப் பாதை 1915இல் வந்தது. திருநெல்வேலி ஜில்லா போர்டு திருச்செந்தூருக்குப் போட்ட பாதை 1923இல். அவர்களுக்கெல்லாம் வழி காட்டியது தஞ்சாவூர். லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டி, சர்க்கார் உத்தரவாதத்தில் லாபம் வாங்கிக்கொண்டு போன கம்பெனிகளின் காலத்தில், உள்ளூர் வரியில் ஒரு ரயில் ஓடியது. நம் பள்ளிப் பாடப்புத்தகங்களில் இதற்கு இரண்டு வரியாவது இடம் கொடுத்திருக்கலாம்.

முத்துப்பேட்டையோடு நிற்கவில்லை. 1902இல் அதிராம்பட்டினம் தாண்டிப் பட்டுக்கோட்டை. அடுத்த வருடமே பேராவூரணி, ஆயிங்குடி வழியாக அறந்தாங்கி. அங்கே பாதை நின்றது. ஒரு வருடம் இரண்டு வருடம் அல்ல, 49 வருடம் அப்படியே நின்றது.

ஏன் நின்றது? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அறந்தாங்கிக்கு மேற்கே கொஞ்ச தூரத்தில் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் எல்லை. தெற்கே ராமநாதபுரம் பக்கத்து ஜமீன் சீமை. தஞ்சாவூர் ஜில்லா போர்டுக்கு வரி போடும் அதிகாரம் தன் எல்லை வரைதான். அந்த எல்லையின் கடைசியில் இருந்த டவுன் அறந்தாங்கி. காலணா வசூலான நிலம் எங்கே முடிந்ததோ அங்கே தண்டவாளமும் முடிந்தது என்று நான் புரிந்துகொள்கிறேன். சமஸ்தானத்துக்குள் ரயில் போகவேண்டுமென்றால் அது வேறு விவகாரம். ரயில் போகும் நிலத்தின் மேல் உள்ள அதிகாரத்தைச் சமஸ்தானங்கள் ஆங்கில சர்க்காருக்கு எழுதிக் கொடுப்பது அன்றைய வழக்கம். ஒரு திருடனைப் பிளாட்பாரத்தில் பிடித்தால் ஒரு போலீஸ், பிளாட்பாரத்தை விட்டு இறங்கி ஓடினால் இன்னொரு போலீஸ். எல்லைக்கு அந்தப் பக்கம் சமஸ்தானத்தின் சொந்த நாணயமான அம்மன் காசு புழங்கிய சீமை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஸ்டேஷனாக இருப்பது ஓர் ஊருக்கு நல்லதா கெட்டதா? நல்லது என்றுதான் சொல்வேன். வழியில் இருக்கும் ஸ்டேஷனில் வண்டி இரண்டு நிமிஷம் நின்று போய்விடும். கடைசி ஸ்டேஷனில் வண்டி தங்கும். நீராவி என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும், கரி வேண்டும், திருப்பி மாட்ட வசதி வேண்டும். டிரைவரும் பயர்மேனும் கார்டும் படுத்து எழ இடம் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு அப்பால் உள்ள ஊர்களெல்லாம் இங்கே வந்துதான் வண்டி ஏறவேண்டும். ஆவுடையார்கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் இறங்க வேண்டும். மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், மீமிசல் கரையோர ஊர்களுக்கும் இதுதான் பக்கத்து ரயில். இன்னொன்றும் உண்டு. காரைக்குடிக்கு ரயில் வந்தது 1930இல். அதுவரை காரைக்குடிக்குக் கிட்டத்தில் இருந்த ஸ்டேஷன்களில் ஒன்று அறந்தாங்கி. மானாமதுரை இதைப்போல் இரண்டு மடங்கு தொலைவு. இங்கே ஏறித் திருவாரூரில் மாறினால் நாகப்பட்டினம். அந்தப் பாதை 1861லேயே போட்டது. நாகப்பட்டினத்தில் பினாங்குக்குக் கப்பல். கடல் தாண்டிப் போன நம் பக்கத்து ஆட்களுக்கு முதல் வெளியூர் வாசல் இந்த ஒற்றைப் பிளாட்பாரம்தான் என்று சொன்னால் மிகையாகாது.

இங்கே ஒரு சின்ன விலகல். அறந்தாங்கி வட்டாரத்தில் இன்று கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் வருகிறது. கடைமடை என்பதால் வருகிற வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. மேட்டூர் அணையோடு சேர்ந்த அந்தக் கால்வாய் 1934இல்தான் முடிந்தது. ஆக, இந்த ஊருக்குக் காவேரித் தண்ணீர் வருவதற்கு 31 வருடம் முன்னால் காவேரிக்கரை நெல் ரயிலில் வர வழி பிறந்துவிட்டது. வானம் பார்த்த ஏரிகளை நம்பியிருந்த பூமியில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று, மழை பொய்த்த வருடங்களைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

புதுக்கோட்டைக்கு வருவோம். 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வரை, 1930இல் அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரை வரை பாதை திறந்தது. அப்போது அரியணையில் இருந்தவர் ராஜகோபாலத் தொண்டைமான், ஆறேழு வயதுச் சிறுவர். அந்தப் பாதையின் நோக்கம் வேறு. திருச்சியிலிருந்து ராமேஸ்வரம் போகிற வண்டி மதுரையைச் சுற்றவேண்டாம், குறுக்கே போகலாம். தனுஷ்கோடிக்குப் போய்க் கப்பலில் இலங்கைக்குப் போகிறவர்களுக்கு அது பெரிய சௌகரியம். கீரனூர், நார்த்தாமலை, வெள்ளனூர், நமணசமுத்திரம், திருமயம் எல்லாம் அந்தக் குறுக்குவழியில் கிடைத்த ஸ்டேஷன்கள். அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொலைதூர வண்டிக்காகப் போட்ட பாதையில் இருப்பது ஒன்று, ஊர் ஊராகப் போய் நிற்பதற்கென்றே போட்ட பாதையில் இருப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே மாவட்டத்துக்குள் இருந்தும் குணம் ஒன்றாகவில்லை.

1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே பிறந்தது. 1952இல் அறந்தாங்கியிலிருந்து வாளரமாணிக்கம், கண்டனூர் புதுவயல் வழியாகக் காரைக்குடிக்குப் பாதை இணைந்தது. சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலு வருடம் ஆகியிருந்தது, எல்லைகள் போய்விட்டன. அறந்தாங்கி கடைசி ஸ்டேஷன் என்ற பதவியை இழந்தது. காரைக்குடிக்குப் போக வழி வந்தது, வண்டி தங்கும் ஊர் என்ற பெருமை போயிற்று. எல்லோரும் இதை வளர்ச்சி என்றுதான் எழுதுகிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் அன்று முதல் இந்த ஸ்டேஷன் எந்த வண்டிக்கும் கட்டாயமான இடமாக இல்லை. நிற்பதும் நிற்காததும் வேறு யாரோ முடிவு செய்வது என்று ஆயிற்று. பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் வித்து இங்கேதான் விழுந்தது.

அதற்கப்புறம் நீண்ட காலம் பாசஞ்சர்களின் காலம். மேலே சொல்ல அதிகமில்லை, ஏனென்றால் நன்றாக ஓடுகிற வண்டியைப் பற்றி யாரும் எழுதி வைப்பதில்லை. ஒரு பெயர் மட்டும் சொல்லியாகவேண்டும். கம்பன் எக்ஸ்பிரஸ். சென்னை எழும்பூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே மயிலாடுதுறை, திருவாரூர், பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாக ஓடிய வண்டி. கம்பன் கழகம் வைத்து விழா எடுக்கும் காரைக்குடிக்குப் போகிற வண்டிக்குப் பொருத்தமான பேர். இரவு ஏறிப் படுத்தால் காலையில் எழும்பூர். சென்னையில் வேலைக்குப் போன ஒரு தலைமுறைக்கு அறந்தாங்கி என்றால் அந்த வண்டிதான். விழுப்புரம்–மயிலாடுதுறை மெயின் லைன் அகலப்பாதை வேலைக்காக மூடப்பட்டதும் கம்பனுக்குச் சென்னை போகிற வழி அடைபட்டது. அந்தப் பாதை திரும்பத் திறந்தபோது அது அகலப்பாதை, நம்முடையது மீட்டர்கேஜ். சேர முடியவில்லை.

மீட்டர்கேஜ் என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே ஒரு மீட்டர். அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். நாடு முழுவதும் ஒரே அளவு என்று 1992இல் முடிவெடுத்தார்கள். நல்ல முடிவுதான். ஆனால் ஒரு பாதையை மாற்றவேண்டுமென்றால் முதலில் அதை மூடவேண்டும். நம் பாதையில் காரைக்குடி–பட்டுக்கோட்டைப் பகுதி 2012இல் மூடப்பட்டது. திருவாரூர்ப் பகுதியும் அதே வருடம் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், பாலங்களை இடித்துக் கட்டினார்கள். ஒரு வருடம், இரண்டு வருடம் என்று சொன்னது நீண்டு, 2018இல் காரைக்குடி–பட்டுக்கோட்டை முடிந்தது. 2019 ஜூன் 1ஆம் தேதி திருவாரூர் வரை முழுப் பாதையிலும் வண்டி ஓடத் தொடங்கியது. ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை பள்ளிப்படிப்பை முடித்துவிட்டான். அந்த ஏழு வருடத்தில் ஊர் ரயில் இல்லாமல் வாழக் கற்றுக்கொண்டது. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஒரு தடவை பஸ்ஸுக்கும் இருசக்கர வண்டிக்கும் பழகிய காலை ரயில் பக்கம் திருப்புவது லேசான காரியம் இல்லை.

சரி, 2019இல் வந்த வண்டி எப்படி வந்தது? இங்கே கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் நடுவே ஏறக்குறைய 150 கிலோமீட்டர். சமதரை, வயலுக்கு நடுவே ஊருக்கு ஊர் குறுக்குச் சாலை. வழியெல்லாம் லெவல் கிராசிங். புதுத் தண்டவாளம் போட்டாயிற்று, சிமெண்ட் கட்டை போட்டாயிற்று. கேட்டை மூடித் திறக்க ஆள் போடவில்லை. அதற்கு ரயில்வே கண்ட உபாயம் உலகத்தில் பல பேர் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்கீப்பரை வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும். முன் பெட்டியில் இருக்கும் ஆள் இறங்கிப் போய் கேட்டை மூடுவார். வண்டி கேட்டைத் தாண்டி மறுபடி நிற்கும். பின்னால் இருக்கும் ஆள் இறங்கி கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறுவார். வண்டி கிளம்பும், அடுத்த கேட் வரும், மறுபடி நிற்கும். 150 கிலோமீட்டருக்கு ஆறு மணி நேரம் பிடித்தது. பஸ்ஸில் போனவர் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பார்.

சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் ஊழியர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனமில்லை. வெயிலில் கேட்டுக்குக் கேட் இறங்கி ஏறிய அந்த மனிதர்கள் இல்லையென்றால் அந்த வண்டியும் இல்லை. பல நூறு கோடி ரூபாய் செலவழித்துப் பாதை போட்டுவிட்டு, கேட்டுக்கு ஆள் போடுவதைக் கடைசியில் யோசித்த திட்டத்தைத்தான் கேள்வி கேட்கவேண்டும். 1903இல் பாதை போட்ட போர்டுக்காரர்கள் வண்டி ஓடாத பாதையை ஒரு நாளும் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். வண்டி ஓடினால்தானே கடன் அடையும். அது அவர்கள் பணம். அந்த வித்தியாசம்தான் இந்த நூற்றிருபது வருடத்தில் நடந்த பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. கேஜ் மாறியதைவிட இது பெரிது.

2020இல் கொரோனா வந்து அந்த ஒரு ஜோடி வண்டியும் நின்றது. அடுத்த வருடம் திரும்ப வந்தது. பிறகு கேட்டுகளில் ஆட்களும் வந்தார்கள், நேரம் குறைந்தது. வண்டி வந்தாலும் இன்னொரு சங்கடம். பாசஞ்சர் என்ற பெயர் போய் எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல் என்று ஆனதால், குறைந்தபட்சக் கட்டணம் பத்து ரூபாயாக இருந்தது முப்பது ரூபாய் ஆயிற்று. அடுத்த ஸ்டேஷனில் இறங்கும் கூலியாளும் முப்பது கொடுக்கவேண்டும். 2024 பிப்ரவரியில்தான் பழையபடி பத்து ரூபாய் ஆனது. தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்கு இந்தத் தடத்தில் 2023 ஏப்ரலில் ஓர் எக்ஸ்பிரஸ் விட்டார்கள். அதற்குக் கொடியசைத்த அன்று இந்தப் பகுதி முழுக்க மகிழ்ச்சி. எனக்கும்தான். கம்பனுக்கு அப்புறம் சென்னைப் பக்கம் போக ஒரு வண்டி கிடைத்ததே.

ஆனால் எக்ஸ்பிரஸ் வேறு, தினசரி வேலைக்குப் போகிறவன் ரயில் வேறு. மாதச் சீசன் டிக்கெட் என்று ஒன்று இருக்கிறது. 150 கிலோமீட்டர் வரை எடுக்கலாம். சுமார் பதினைந்து ஒற்றைப் பயணத்தின் காசில் மாதம் முழுக்கப் போய் வரலாம். ஏழைத் தொழிலாளிக்கு இவ்வளவு மலிவான போக்குவரத்து கிடைப்பது அரிது. கீரனூரிலிருந்து திருச்சிக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சீசன் டிக்கெட்டின் அருமையைச் சொல்வார்கள். ஏனென்றால் அங்கே காலையில் போக வண்டி இருக்கிறது, மாலையில் திரும்ப வண்டி இருக்கிறது. அறந்தாங்கியிலிருந்து காரைக்குடிக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கும், பட்டுக்கோட்டைக்குக் கடை வேலைக்குப் போகிற பெண்ணுக்கும் வேண்டியது அவ்வளவுதான். காலை எட்டரைக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு வண்டி, சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் திரும்பக் கொண்டுவருகிற ஒரு வண்டி. ஸ்டேஷன் கட்டடம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பிளாட்பாரம் எவ்வளவு நீளமாக இருந்தாலும், வேலை நேரத்துக்குப் பொருந்தாத வண்டியை வைத்துக்கொண்டு எந்தத் தொழிலாளியும் சீசன் எடுக்கமாட்டான். சீசன் விற்கவில்லை, கூட்டம் இல்லை, ஆகவே வண்டி அதிகப்படுத்த நியாயமில்லை என்று அடுத்த கோப்பில் எழுதுவார்கள்.

இன்னொரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். நம் மாவட்டத்தில் இரண்டு ரயில்பாதை; புதுக்கோட்டை ஸ்டேஷன் மதுரைக் கோட்டத்தில் இருக்கிறது, அறந்தாங்கி ஸ்டேஷன் திருச்சிக் கோட்டத்தில் இருக்கிறது. இரண்டு ஊருக்கும் சாலை வழியே 35 கிலோமீட்டர்கூட இல்லை. ரயிலில் போகவேண்டுமென்றால் தெற்கே சிவகங்கை மாவட்டத்துக் காரைக்குடிக்குப் போய் இறங்கி, வேறு வண்டி பிடித்து வடக்கே வரவேண்டும். கிட்டத்தட்ட இரண்டு பங்கு தூரம். நடுவில் காத்திருக்கும் நேரம் தனி. தஞ்சாவூர்–புதுக்கோட்டை புதுப்பாதை என்ற பேச்சு என் வயதை ஒத்தது. அறந்தாங்கி–புதுக்கோட்டை பாதையைப் பற்றிப் பேசக்கூட ஆள் குறைவு. ஆகவே அறந்தாங்கிக்குக் காலையில் ஒரு வண்டி வேண்டும் என்று கலெக்டரிடம் மனு கொடுக்கப் போகிறவர்களும், திருச்சியில் ரயில்வே கோட்ட மேலாளரைப் பார்க்கப் போகிறவர்களும் அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில்தான் ஏறுகிறார்கள். அடுத்த மனுவில் கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்பக்கம் உள்ள மேஜைக்கு வாருங்கள். வருகிறவர்கள் தாங்கள் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, எத்தனை மணிக்குப் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். வெறும் கையெழுத்தைவிட அந்தக் கணக்குக்குத்தான் பதில் சொல்ல அவர்களுக்குச் சிரமமாக இருக்கும்.